நிற்காத சாயம்

முனிச்சாலைப் பக்கம் ஒரு மொட்டைமாடி.
சுங்குடி காய்கிற கொடிக்கம்பியிலேயே
கரண்டும் காய்ந்துகொண்டிருக்கிறது.

கீழே மீட்டர் போர்டில் கிளம்பி
சன்னல் கம்பியில் ஒரு சுற்று,
தண்ணீர்த்தொட்டிக் குழாயில் இரண்டு,
பிறகு கொடிக்கம்பியோடு கைகோத்து
சணல் முடிச்சு முடிச்சாகத் தொங்கி
தகரக் கொட்டகைக்குள்
சேலை பிழிகிற மெஷினுக்குப் போகிறது
சுவருக்குள் குழாயில்
இருட்டில் கிடக்கவேண்டிய பிவிசி வயர்.

"நாலு வருசமா ஓடுதும்மா,
ஒரு குத்தம் சொன்னதில்ல"
என்றார் சாந்தாராம்.

அந்த நாலு வருசத்தைத்தான் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.
சிவப்பு, ரோஸாகியிருந்தது.
கறுப்பு, சாம்பல்.
தடவினால் விரலில் சுண்ணாம்புபோல் ஒட்டியது பொடி.
வளைத்தால் வெடித்து
உள்ளிருந்து செம்பு எட்டிப் பார்த்தது.

(மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துத்தான் தொட்டேன்.
எழுதிவைத்துவிடுகிறேன்,
கவிதையை நம்பி யாரும் கைவைக்க வேண்டாம்.)

சொன்னேன்:
வெளியே போவதற்கென்று கேபிள் இருக்கிறது,
இரும்புச் சட்டை போட்டது,
வெயிலைத் தாங்குகிற கறுப்பு மேல்தோல் உள்ளது.
சுவரோடு கிளிப் அடித்துக் கொண்டுபோக வேண்டும்.
கொட்டகைக்குத் தனி எர்த்.
விதி அப்படித்தான்.

"விதி"
என்று அவர் நெற்றியைத் தொட்டுக்கொண்டார்.
அந்த விதி இல்லைங்க,
அச்சடித்த விதி.

எஸ்டிமேட்டை வாங்கி
எத்தனை சேலைக்கு எத்தனை முடிச்சு என்று
உதட்டால் கணக்குப் போட்டார்.
"தீபாவளிக்குப் பாப்போம்."
அது சித்திரை மாதம்.

கடைசியில் ஒன்றுக்குத்தான் சம்மதித்தார்:
கசிவு காட்டும் சுவிட்ச்.
முப்பது மில்லி ஆம்பியர்.
வயர் மாற்றாமல் அதை மாட்டிவிட்டு
சான்றிதழில் கையெழுத்துப் போடாமல்
படியிறங்கினேன்.
என்னால் முடிந்த கோபம் அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கோடை மழை.
போன்.
"நீ போட்ட சுவிட்ச் கெட்டுப்போச்சு.
தூக்கிவிட்டா நிக்க மாட்டேங்குது.
எதிர்வீட்டுத் தம்பி
அதக் கழட்டிட்டு நேரா குடுத்திர்றேங்கிறான்."

"அவன் கையைப் பிடிங்க.
வந்துட்டேன்."

கீழவாசலில் முழங்கால் தண்ணீர்.
வண்டி இருமி நின்ற இடத்திலிருந்து
டூல்பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினேன்.
லைசென்ஸ் எடுத்த நாளில்
இப்படி ஒரு படம் யாரும் காட்டவில்லை.

மாடிக்கதவைத் தள்ளினால்
கொடிக்கம்பிக்குக் கீழே
வேலைக்காரப் பெண் தமயந்தி உட்கார்ந்திருக்கிறாள்,
மடியில் நனைந்த சேலைக் குவியல்,
இரண்டு கையும் முழங்கைவரை
நீலம்.

எனக்குக் கால் நடுங்கியது.

அவள் நிமிர்ந்து
"என்னக்கா முழிக்கிற?
இண்டிகோ.
கழுவுனாலும் ரெண்டு நாள் போகாது" என்றாள்.

மழை பிடித்ததும் சேலை அள்ள ஓடி வந்தாளாம்.
கம்பியைத் தொட்டதும்
சுருக்கென்று ஒரு இழு.
அதே நொடி
வீடு முழுக்க ஃபேன் நின்றுவிட்டது.
"அப்பத்தான் அண்ணன் கத்துனாரு,
சுவிட்ச் கெட்டுப்போச்சுன்னு."

சாந்தாராம் ஒன்றும் பேசவில்லை.
எதிர்வீட்டுத் தம்பி ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் வைத்தான்.

மெயின் அணைந்ததை இரண்டுமுறை பார்த்துவிட்டு
கம்பியிலிருந்து வயரை அறுத்தேன்.
சணல் முடிச்சு ஒவ்வொன்றாக.
வெட்டிய துண்டொன்றை
அவர் குனிந்து எடுத்தார்.
வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்
சேலை விளிம்பைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்து,
நகத்தால் சுரண்டி,
எச்சில் தொட்டுத் தேய்த்து,
விரலில் ஏறிய ரோஸ் பொடியை
முகர்ந்தும் பார்த்தார்.

நாற்பது வருசமாகச் சிவப்பு வளர்க்கிறவர்.
முகம் சுருங்கிப்போனது.

"யாரும்மா இதுக்குச் சாயம் போட்டது?"